அடுப்பைச் சுற்றாத கோழி

ஐப்பசி 23, ஞாயிறு

பேத்தி பிரதீபா இந்த டைரியைத் தந்தாள். உரக்கடையில் இனாமாகக் கொடுத்ததாம். வருடம் முடியப் போகிறது, ஒருவரும் ஒரு எழுத்து எழுதவில்லை. "ஊர் ஆச்சி, சும்மாதான இருக்கிய, எதையாச்சும் எழுதுங்க" என்றாள். அம்மாவைப் பெற்றவளை ஆச்சி என்றும் என்னை ஊர் ஆச்சி என்றும் கூப்பிடுகிறாள்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். றகரம் ரகரம் மாறாமல் எழுதுவேன். எங்கள் தெருவில் என் வயதுக்காரிகளில் பஸ் போர்டு படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நேற்று சங்கரன்கோவிலில் உள்ள மகன் ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தேன். புதன்கிழமை மழையில் ஊர் வீட்டின் மேலச்சுவர் விழுந்துவிட்டது. ஆவுடையப்பன் லோடு ஆட்டோ பிடித்து வந்து, "ரெண்டு வாரம் வந்து இருங்கம்மா. செவர எழுப்பிட்டு நானே கொண்டாந்து விடுதேன்" என்றான். இரண்டு வாரத்துக்கு என்ன வேண்டும்? மூன்று சேலை, பிரஷர் மாத்திரை, செவலை. மற்றக் கோழிகளைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். செவலை முட்டையிடுகிற சமயம். பேத்திக்கு நாட்டுக்கோழி முட்டை ஆகும் என்று கூடையில் வைத்துக் கொண்டுவந்தேன். வெறுங்கையோடு வந்தவள் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

சம்பந்தி பிச்சம்மாள் இந்த வீட்டிலேயே இருக்கிறாள். அவள் மகளும் என் மருமகளுமான மாரிக்கனி ஜவுளிக்கடை வேலைக்குப் போவதால் அடுக்களை பிச்சம்மாள் பொறுப்பு. புறவாசலில் ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்கிறாள். நான் கூடையை இறக்கியதுமே, "மதினி, கோழிய அடுப்பச் சுத்தி விட்டுருவமா?" என்று கேட்டாள்.

புதுக்கோழி வந்தால் வீட்டு அடுப்பை மூன்று தரம் சுற்றி, அடுப்புச் சாம்பலைக் காலில் தடவி, வாயில் தண்ணீர் விட்டு இறக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். சுற்றிய கோழி பழைய வீட்டை மறந்துவிடும். இங்கே உள்ளே காஸ் அடுப்பு. ஆனால் புறவாசலில் வெந்நீர் போட மூன்று கல் கூட்டிய அடுப்பு இருக்கிறது. அதைக் காட்டினாள்.

"இது விருந்தாளிக் கோழி மதினி. ரெண்டு வாரத்துல ஊருக்குப் போறதப் போயி எதுக்குச் சுத்திக்கிட்டு?" என்றேன்.

"அப்ப பஞ்சாரத்துலயாவது நாலு நாள் கவுத்துப் போடுங்க. ஒண்ணுக்கொண்ணு மூஞ்சி பாத்துப் பழகட்டும்."

பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து வைக்க என் கோழி என்ன களவாணியா? ஊரில் அது நடந்து வந்தால் மற்றவை ஒதுங்கும். அப்படியே இறக்கிவிட்டேன்.

பேத்தி அறையில் கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது.

ஐப்பசி 24, திங்கள்

பிச்சம்மாளின் கோழிகளில் பெரியது கொண்டைக்காரி. கறுப்பு. அது செவலையின் கழுத்து மயிரைப் பிடுங்கிவிட்டது. செவலை திருப்பிக் கொத்தத்தான் போனது. அதற்குள் மற்ற நாலும் கூடிவிட்டன. துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கி நின்றது.

"புதுசா வந்தா நாலு கொத்து வாங்கித்தான மதினி ஆவணும்?" என்று பிச்சம்மாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். நல்ல மனுஷி.

ஐப்பசி 26, புதன்

செவலை முட்டையிடவில்லை. பயணக் களைப்பு.

ஐப்பசி 28, வெள்ளி

மாரிக்கனிக்குக் கத்தரிக்காய் புளிக்குழம்பு பிடிக்கும் என்று நானே வைத்தேன். எங்கள் ஊரில் விசேஷ வீட்டுக்காரர்கள் குழம்புப் பதம் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். மகன் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். பிச்சம்மாள், "உப்பு முன்னால நிக்குது. மதினிக்கு வயசாயிட்டுல்லா, நாக்குக்குத் தெரியல" என்றாள். மாரிக்கனி தயிர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

அதன்பிறகு நான் அடுக்களைப் பக்கம் போனாலே, "நீங்க போய் உக்காருங்க மதினி" என்கிறாள் பிச்சம்மாள். இந்த வயதில் இப்படி உட்காரவைத்துச் சோறு போட யாருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது?

கார்த்திகை 3, புதன்

தின்னக் கம்பு போட்டால் மற்றவை செவலையைக் கிட்டவே விடுவதில்லை. ஒரு சிரட்டையில் தனியாக எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைக்கிறேன். நான் நிற்கிறவரை தின்னும். நான் திரும்பினால் கொண்டைக்காரி வந்துவிடும். சேவல் அந்தண்டை பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு ஒரு பக்கமும் பேசத் தெரியாது.

கார்த்திகை 5, வெள்ளி

ஆவுடையப்பன் ஊருக்குப் போய்விட்டு வந்தான். கூடவே அம்மியும் குழவியும் வந்தன.

"அத எதுக்குய்யா தூக்கிட்டு வந்த?"

"செவரு வேல நடக்கும்போது உடஞ்சிறக் கூடாதுல்லாம்மா."

சரிதான். சின்ன வயதிலிருந்தே முன்யோசனை உள்ளவன். அம்மியைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். உள்ளே மிக்ஸி இருக்கிறது.

சுவர் எந்த மட்டம் வந்திருக்கிறது என்று கேட்டேன். "வருதும்மா" என்றான்.

கார்த்திகை 9, செவ்வாய்

பேத்திக்கு அரைப்பரீட்சை நெருங்குகிறது. ராத்திரி லைட்டைப் போட்டுப் படிக்கிறாள். எனக்குக் கண் கூசும் என்று ஹாலில் படுத்துக்கொள்கிறேன். ஹாலில் பத்து மணிவரை டிவி ஓடும். நாடகம் பார்க்கிறவர்கள் கால் நீட்ட இடம் வேண்டும். அதுவரை புறவாசல் படியில் உட்கார்ந்திருப்பேன். காற்று நன்றாக வருகிறது.

கார்த்திகை 12, வெள்ளி

செவலையின் கொண்டை கிழிந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்துவிட்டால் கோழிகள் விடாது, அந்த இடத்தையே குறிவைத்துக் கொத்தும். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டேன். அந்தக் கசப்புக்கு மற்றவை அண்டாது. பிச்சம்மாள் வந்து பார்த்தாள்.

"அன்னைக்கே சுத்தி விட்டுருந்தா இவ்வளவு வருமா மதினி? வாசம் மாறலல்லா. வேத்து வீட்டுக் கோழின்னு அதுகளுக்குத் தெரியத்தான செய்யும்."

"ஊருக்குப் போனா எல்லாம் சரியாயிரும்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "மஞ்சள் தீந்துபோச்சுன்னா சொல்லுங்க, உள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வாரம் முடிந்துவிட்டது. கொத்தனார் கிடைப்பதெல்லாம் இந்தக் காலத்தில் லேசா?

கார்த்திகை 17, புதன், தீபம்

வாசலில் விளக்கு வைத்தார்கள். நடுவில் பெரிய குத்துவிளக்கு. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அடித்தட்டில் நசுங்கல் இருக்கும். இருந்தது. என் மாமியார் காலத்து விளக்கு.

"ஆளில்லாத வீட்டுல கெடந்தா களவு போயிரும்லா அத்த" என்றாள் மாரிக்கனி. நான் கேட்கவே இல்லை.

உண்மைதானே. திரியை நான்தான் திரித்துப் போட்டேன். இந்த வீட்டில் யாருக்கும் அவ்வளவு மெல்லிசாகத் திரிக்க வராது. மாரிக்கனியே சொன்னாள்.

வெந்நீர் இப்போது வைப்பதில்லை. விறகு நனைந்துவிட்டதாம். மற்றவர்களுக்குப் போட்டதில் மிஞ்சினால் எனக்கு. பச்சைத் தண்ணீர்தான் உடம்புக்கு நல்லது, நரம்பு இறுகும்.

கார்த்திகை 22, திங்கள்

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் ராத்திரி போகாது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடித்து நான் தட்டெடுத்து உட்கார்ந்தபோது புறவாசலில் ஒரே கேறல். தட்டை வைத்துவிட்டு ஓடினேன். மூலையில் செவலையைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தன. மேலே கொண்டைக்காரி. சேலை முந்தானையைச் சுழற்றி அடித்து விரட்டிவிட்டுத் தூக்கினேன். இடது கண் இருந்த இடம் தெரியவில்லை. சத்தமே இல்லை அதனிடம். ஒரு கத்தலாவது கத்தக் கூடாதா? என் கைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தது.

"மதினி, பஞ்சாரத்தத் தாங்க" என்று கேட்டேன்.

"பஞ்சாரத்துல குஞ்சு கெடக்கு மதினி. பருந்து சுத்துதுல்லா. பத்துக் குஞ்சக் காவு குடுத்துட்டு ஒரு கோழியக் காப்பாத்தச் சொல்லுதியளா?"

அதுவும் நியாயம். அவள் கோழி, அவள் குஞ்சு, அவள் பஞ்சாரம். நான் வந்த அன்று அவளாகவே கொடுத்தாள், நான்தான் வேண்டாம் என்றேன். ஒருதரம் வேண்டாம் என்றதை மறுதரம் கேட்டது என் தப்பு. இனிக் கேட்க மாட்டேன்.

சாயந்திரம் ஆவுடையப்பன் வந்தான். சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தான்.

"யம்மா, பேசாம அறுத்துருவமா? ஞாயித்துக்கெழம மாரிக்கனி அண்ணன் வேற வாராரு."

"முட்டையிடுத கோழிய யாராவது அறுப்பாவளாய்யா?"

"முட்ட எங்கம்மா போடுது? வந்து ஒரு மாசமாச்சு, ஒண்ணு போட்டுச்சா? தீனிதான் தின்னுக்கிட்டு கெடக்கு."

அவன் கோழியைத்தான் சொன்னான். உள்ளே போன பிறகு மறுபடி திரும்பி வந்து, "கோழியத்தாம்மா சொன்னேன்" என்றான். எனக்குத் தெரியாதா?

என் தட்டில் பூனை வாய் வைத்துவிட்டது. பசியும் இல்லை.

கார்த்திகை 23, செவ்வாய்

கோழிக்கூட்டை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு இருக்கிறது, விறகு போடுகிற இடம். அங்கே படுத்துக்கொள்கிறேன் என்று நானே கேட்டேன். ராத்திரி செவலையைப் பக்கத்தில் கூடையில் வைத்துக்கொள்ளலாம். "பனி விழுமேம்மா" என்றான் மகன். "அத்தயே கேக்காவல்லா, விடுங்க" என்றாள் மாரிக்கனி. பேத்தி அவள் போர்வையைக் கொண்டுவந்து தந்தாள். பூப்போட்ட போர்வை, நல்ல கனம்.

கார்த்திகை 25, வியாழன்

ஒற்றைக் கண்ணால் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துத் தின்கிறது. கொத்தும்போது குறி தப்பி மண்ணைக் கொத்துகிறது.

கார்த்திகை 28, ஞாயிறு

மாரிக்கனியின் அண்ணன் குடும்பம் வந்தது. கறிக்கடையிலிருந்து பிராய்லர் வாங்கிச் சமைத்தார்கள். அவர்கள் போகும்வரை செவலையை மடியில் வைத்துக்கொண்டு சாய்ப்பிலேயே இருந்தேன். வந்தவர்கள் முன்னால் வேப்பெண்ணெய் நாற்றத்தோடு போய் நிற்பது மரியாதை இல்லை.

கார்த்திகை 29, திங்கள்

காலையில் லோடு ஆட்டோ வந்தது. நம்மூர்ப் பையன் கருத்தப்பாண்டிதான் ஓட்டி வந்தான். கதவும் நிலையும் இறங்கின. எங்கள் வீட்டு வாசல் நிலை. மேல்கட்டையில் என் மாமியார் வைத்த மஞ்சளுக்கு மேல் நான் வைத்த மஞ்சள், அதற்கு மேல் மறுபடி மஞ்சள், தடிப்பாக அப்படியே இருக்கிறது.

"ஆச்சி, சும்மா சொல்லப்படாது, என்னா கனம்! நாலு பேரு கடப்பாறையப் போட்டுல்லா பேத்தோம். எடத்த வாங்குனவரு நிலையும் வேணும்னுதான் நின்னாரு. அண்ணன்தான் அம்மா இருக்காவ, தர மாட்டேன்னு சொல்லிட்டாரு. அங்கன பருத்தி குடோன் போடப் போறாராம்."

"ஏ, நீ வாய மூடிட்டு எறக்குடே" என்றான் ஆவுடையப்பன். முகம் ஒருமாதிரி இருந்தது. அவனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது.

நான் கருத்தப்பாண்டிக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தேன். அவன் குடிக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அடுப்பு?"

"அடுப்பா? என்ன ஆச்சி நீங்க! மண்ணடுப்பு. ஜேசிபி ஒரு தள்ளுத் தள்ளுச்சு, மண்ணோட மண்ணு. இப்பப் போய்ப் பாத்தா எங்க இருந்துச்சின்னு உங்களுக்கே சொல்லத் தெரியாது."

வண்டி ஓட்டுகிறவர்கள் ஆயிரம் பேசுவார்கள். அவன் அம்மாவும் அப்படித்தான், ஒன்று என்றால் பத்து என்பாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி நிலையைத் தொட்டுப் பார்த்தாள். "ஊர் ஆச்சி, செவரு எழுப்புறதுக்கு எதுக்கு வாசலப் பேக்கணும்?" என்று கேட்டாள்.

"பெரியவங்க காரியம். ஒனக்கு என்ன ஏளா? போய்ப் படி" என்றேன்.

நிலையைக் கோழிக்கூட்டின் மேல் சாத்தி வைத்திருக்கிறார்கள். அடைகிற நேரத்தில் கொண்டைக்காரி பறந்து அதன் மேல்கட்டையில் உட்கார்ந்தது. மஞ்சள் மேல் எச்சம் போட்டது. துணி நனைத்துத் துடைத்தேன்.

மார்கழி 1, செவ்வாய்

இருட்டோடு எழுந்தேன். பிச்சம்மாள் முன்வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் கோயில் பாட்டு. புறவாசலில் ஒருவரும் இல்லை.

செவலையைக் கூடையிலிருந்து எடுத்தேன். எடை இல்லை. வெந்நீர் அடுப்பை மூன்று சுற்று சுற்றினேன். முதல் சுற்றில் கால் இடறியது, விறகுத் துண்டு கிடந்தது. சாம்பல் இன்னும் கதகதப்பாக இருந்தது. இரண்டு காலிலும் தடவினேன். தடவுகிறபோது ஏதாவது சொல்ல வேண்டும், "இது ஒன் வீடு, இது ஒன் வாசல், போன வீட்ட மறந்துரு" என்று. எத்தனை கோழிக்குச் சொல்லியிருக்கிறேன். இன்று சொல்லாமலே தடவினேன்; வாயைத் திறந்தால் இருமல். பனி.

கையால் தண்ணீர் எடுத்து அலகில் விட்டுக்கொண்டிருந்தபோது பிச்சம்மாள் வந்து நிற்பதைப் பார்த்தேன். கையில் கோலப்பொடிக் கிண்ணம்.

"இப்பவா மதினி?"

"இப்பத்தான் நேரம் கெடச்சுது."

கிண்ணத்தை அம்மி மேல் வைத்தாள். கோழியை என் கையிலிருந்து வாங்கி, பொட்டைக் கண்ணை விரித்துப் பார்த்தாள். போய்ப் பஞ்சாரத்தைத் தூக்கி, குஞ்சுகளைத் தாயோடு கூட்டுக்குள் ஓட்டிவிட்டு, பஞ்சாரத்தைக் கொண்டுவந்து செவலை மேல் கவிழ்த்தாள். மேலே குழவியைத் தூக்கி வைத்தாள்.

"எங்க வீடு போயி இங்க வந்தப்ப நான் ஆறு மாசம் பெட்டியக் காலி பண்ணல மதினி. சேலைய எடுப்பேன், உடுப்பேன், தொவச்சு மறுபடி பெட்டிக்குள்ளதான் வைப்பேன்" என்றாள்.

"அது உங்க கத. எனக்குச் செவரு விழுந்துருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

"சரி மதினி" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். பிறகு ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். ஆறவிட்டுவிட்டேன். பழக்கம் விட்டுப்போயிற்று.

மார்கழி 6, ஞாயிறு

பஞ்சாரத்தைச் சுற்றிக் கோழிகள் நடக்கின்றன. ஓட்டை வழியாகக் கொத்திப் பார்க்கின்றன. செவலை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நகர்வதில்லை.

பெட்டி எனக்கு இல்லை, பைதான். சேலைகளைச் சாய்ப்பின் கொடியில் போட்டேன். பையில் கிடந்தால் மடிப்பு அற்றுப்போகும்.

மார்கழி 9, புதன்

பஞ்சாரத்தைத் தூக்கினேன். கம்பைப் பொதுவில் இறைத்தேன். கொண்டைக்காரி வந்து செவலையின் மண்டையில் ஒரு கொத்து கொத்தியது. ஒன்றுதான். செவலை தலையைத் தாழ்த்தித் தரையோடு ஒட்டிக்கொண்டது. கொண்டைக்காரி தாண்டிப் போய்த் தின்ன ஆரம்பித்தது. மற்ற நாலும் தின்றன, சேவல் தின்றது, குஞ்சுகள்கூடத் தின்றன. எல்லாம் ஒதுங்கிய பிறகு செவலை எழுந்து மிச்சத்தைப் பொறுக்கியது.

"சேந்துட்டு மதினி" என்றாள் பிச்சம்மாள்.

"ஆமா, சேந்துட்டு."

மார்கழி 11, வெள்ளி

செவலை முட்டையிட்டது. ஓடு இல்லை, வெறும் தோல். நான் எடுப்பதற்குள் கொண்டைக்காரி கிழித்துக் குடித்துவிட்டது. செவலை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

மார்கழி 13, ஞாயிறு

ஆவுடையப்பன் சாய்ப்புக்கு வந்தான். நின்றான். நிலையைத் தடவினான். பிறகு கீழே உட்கார்ந்தான். அவன் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்ததில்லை. தலையில் நரை ஏறிவிட்டது.

"யம்மா."

"சொல்லுய்யா."

"வெளிய கடன் நெறைய ஆயிப்போச்சும்மா. சொல்லணும்னு நெனச்சு நெனச்சு..." முட்டியில் இருந்த தூசியைத் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, "ஊருக்கு ஒரு நட போய்ட்டு வருவமா? நீங்களே வந்து ஒரு தரம் பாத்துட்டா..." என்றான்.

செவலை காலடியில் நின்றது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். காலில் சாம்பல் ஒன்றும் இல்லை, எப்போதோ உதிர்ந்துவிட்டது.

"எதுக்குய்யா? கோழிய அடுப்பச் சுத்தியாச்சு" என்றேன்.

அவன் கோழிகளோடு வளர்ந்தவன்தான். சுற்றியாச்சு என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பார்க்காமல் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான்.

மத்தியானம் வரை வரவில்லை. அவன் தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்தேன். பேத்தி சாப்பிட்டாள். மாரிக்கனி சாப்பிட்டாள். பிச்சம்மாள் சாப்பிட்டுக் கை கழுவினாள். அதன்பிறகு நான் சட்டியில் இருந்ததை வழித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நிறையவே இருந்தது.